பெயர் ஒன்று, எஞ்சின் வேறு: பத்து விமானங்களுக்கு ஒரே ஸ்பேர்

நேற்று இரவு பத்தரை மணிக்கு, நான் ஆடும் விமான நிறுவனக் கணினி விளையாட்டில் 2010 மார்ச் மாதக் கணக்கு வந்தது. பராமரிப்புப் பக்கத்தைத் திறந்தேன். விமானங்கள் 10, எஞ்சின் வகை 1, ஸ்பேர் எஞ்சின் 1. இந்த மூன்று வரியைப் பார்க்க எனக்கு முப்பத்திரண்டு நாளும், விளையாட்டுப் பணத்தில் 55,80,000 டாலரும் பிடித்தன. எங்கெங்கே தவறினேன், எதை அளந்தேன், எவ்வளவு போனது என்பதை நோட்டில் இருக்கும் வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருக்கிறேன். விமானத்தில் ஏறியது இரண்டே முறை. இந்த விளையாட்டை அறிமுகப்படுத்தியது அக்கா மகன். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். விமான நிறுவனம் ஒன்றை நாமே தொடங்கி, விமானங்களை வாடகைக்கு எடுத்து, தடம் போட்டு, லாபத்தில் ஓட்ட வேண்டும். நிஜத்தில் அரை மணி நேரம் போனால் விளையாட்டில் ஒரு நாள். ஒரு மாதம் ஏறக்குறைய பதினைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். நாம் தூங்கினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். தொடக்க முதல் 1 கோடி டாலர். எங்கள் மலையில் விமான நிலையம் கிடையாது. மேட்டுப்பாளையம் இறங்கிப் பீளமேடு போனால்தான் விமானம். அதனால் கோயம்புத்தூரையே தலைமையிடமாக வைத்தேன்.

சாமான்கள் அதிகம் இல்லை. 14,500 ரூபாய்க்கு வாங்கிய பழைய லேப்டாப், 192 பக்க நோட்டு ஒன்று, தொழிற்சாலையில் நான் வைத்திருக்கும் இரும்பு டேப், சாக்பீஸ். இடையில் ஆடிக் காற்று வந்தது. சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பியில் விழுந்து ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. விளையாட்டில் பதினெட்டு நாள் போய்விட்டது. எடுக்க நினைத்திருந்த ஒரு விமானத்தை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். அடுத்த நாளே பழைய யுபிஎஸ்ஸுக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர் பேட்டரி 1,150 ரூபாய்க்கு மாற்றினேன். இணைய மோடத்தை மட்டும் அதில் போட்டால் நாலு மணி நேரம் இழுக்கிறது. போனை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம். மலைப் பகுதியில் இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் முதலில் அதைச் செய்துகொள்ளுங்கள்.

இனி எஞ்சின் கதை.

முதலில் இரண்டு ஏர்பஸ் ஏ320 விமானம் எடுத்தேன். மாதம் 2,60,000 டாலர் வாடகை. கோயம்புத்தூர்–சென்னை சுமார் 400 கிலோமீட்டர், மும்பை 1,000, டெல்லி 1,950. இந்த மூன்று தடத்திலும் நன்றாகவே ஓடின. மூன்று மாதம் கழித்துச் சந்தையில் இன்னும் மூன்று ஏ320 வந்தன. வாடகை 2,35,000. அதே விமானம், அதே இருக்கை, வயதும் அதே. விமானத்துக்கு 25,000 மிச்சம் என்று மூன்றையும் எடுத்துவிட்டேன். மாதம் 75,000 லாபம் என்று நோட்டில் எழுதி வட்டம் போட்டேன்.

ஐந்து மாதம் அப்படியே ஓட்டினேன். கையிருப்பு ஏறவேண்டிய வேகத்தில் ஏறவில்லை. எரிபொருள் விலையோ, டிக்கெட் விலையோ என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். பராமரிப்புப் பக்கத்தின் அடியில், மடித்து வைத்த ஒரு பகுதியைக் கடைசியாகத்தான் திறந்தேன். அதில் எஞ்சின் வகை 2 என்று இருந்தது. ஒவ்வொரு எஞ்சின் வகைக்கும் பட்டறை, கருவி, பயிற்சி என்று மாதம் 1,40,000. அதோடு பத்து விமானம் வரை ஒரு ஸ்பேர் எஞ்சின் கட்டாயம். அதற்கு வாடகை 65,000. ஆக வகை ஒன்றுக்கு மாதம் 2,05,000. இதை எஞ்சின் வரி என்று வைத்துக்கொள்கிறேன். முதல் இரண்டு விமானத்தில் வி2500 எஞ்சின், பின்னால் வந்த மூன்றில் சிஎஃப்எம்56-5பி. 75,000 மிச்சம் பிடிக்கப் போய் 2,05,000 கொடுத்திருக்கிறேன். மாதம் 1,30,000 நஷ்டம், ஐந்து மாதத்தில் 6,50,000.

எஞ்சினை வாங்குகிறவர் தேர்ந்தெடுக்கலாம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஏ320-க்கு இரண்டு வழி. ஒன்று, அமெரிக்காவின் ஜிஇயும் (ஜெனரல் எலக்ட்ரிக்) பிரான்சின் ஸ்னெக்மாவும் (இப்போது சாஃப்ரான்) சேர்ந்து நடத்தும் சிஎஃப்எம் நிறுவனத்தின் எஞ்சின். மற்றொன்று ஐஏஇ என்ற கூட்டு நிறுவனத்தின் வி2500. 1983-இல் ஐந்து பங்காளிகள் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். வி என்பது ரோம எண் ஐந்து, அந்த ஐந்து பேருக்காக. இரண்டும் ஒரே இறக்கையில் தொங்கும். ஆனால் ஒன்றின் ஸ்பேர் மற்றதற்கு ஆகாது.

சரி, ஒரே வகைக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தேன். முடிவு சரி, போன வழி தவறு. சந்தைப் பட்டியலில் தேடினால் போயிங் 737-800-க்கும் எஞ்சின் சிஎஃப்எம்56 என்று போட்டிருந்தது. சிஎஃப்எம்56 வைத்துக்கொண்டால் ஏர்பஸ், போயிங் இரண்டு சந்தையிலிருந்தும் மலிவாக எடுக்கலாமே என்று தோன்றியது. வி2500 போட்ட இரண்டையும் திருப்பிக் கொடுத்தேன். முன்கூட்டியே திருப்பினால் மூன்று மாத வாடகை அபராதம், 15,60,000. அதற்குப் பதிலாக 737-800 இரண்டு, தலா 2,50,000-க்கு எடுத்தேன். அடுத்த மாதக் கணக்கிலும் எஞ்சின் வகை 2 என்றே இருந்தது. கூடவே விமான வகையும் 2 ஆகி, விமானிப் பயிற்சிக்கென்று 1,80,000 புதிதாக ஏறியிருந்தது.

விளையாட்டில்தான் ஏதோ பிழை என்று நினைத்து மருமகனைக் கூப்பிட்டேன்.

“மாமா, ரெண்டும் சிஎஃப்எம்தான். ஆனா உங்க ஏ320-ல இருக்கறது 5பி, போயிங்ல இருக்கறது 7பி. பேரு ஒண்ணா இருந்தா ஸ்பேரு ஒண்ணாயிடுங்களா? உங்க ஃபேக்டரில சி.டி.சி. ரோலர் எல்லாம் ஒரே அளவுங்களா?”

அந்தக் கேள்வியில் எனக்கு விளங்கிவிட்டது. சி.டி.சி. ரோலரில் 8¼ அங்குலம் உண்டு, 13 அங்குலம் உண்டு. வேலை ஒன்றுதான், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுவது. ஆனால் ஸ்டோரில் 13 அங்குல ரோலர் பத்து இருந்தாலும் 8¼ அங்குல மெஷின் நின்றால் நின்றதுதான். வேலை செய்யும் இடத்தில் இருபது வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம். விமானம் என்றதும் தோன்றாமல் போய்விட்டது.

வேறுபாடு எவ்வளவு என்று கண்ணால் பார்க்க ஆசைப்பட்டேன். முன்பக்கம் தெரியும் விசிறியின் விட்டம் 5பி-யில் 68.3 அங்குலம், 7பி-யில் 61 அங்குலம். ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டிருந்த நேரம், வீட்டு முன் சிமென்ட் தரையில் ஆணி ஒன்று வைத்து, கயிறு கட்டி, சாக்பீஸால் இரண்டு வட்டமும் போட்டேன். ஆரம் ஒன்றுக்கு 34.15, இன்னொன்றுக்கு 30.5. சுற்றிலும் மூன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே இடைவெளி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஏதோ விளையாட்டுக் கட்டம் என்று வந்து நின்றார்கள். தொழிற்சாலையில் இலை வாட்டும் தொட்டியின் 48 அங்குல விசிறியை நான் பெரிது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சின்ன வட்டத்துக்குள்ளேயே அது தாராளமாக அடங்கும்.

போயிங்குக்கு ஏன் சின்ன விசிறி என்பதற்கும் காரணம் உண்டு. 737 முதலில் பறந்தது 1967-இல். அந்தக் காலத்து எஞ்சின்கள் ஒல்லியான குழாய் மாதிரி இருக்கும். விமானம் தரைக்கு நெருக்கமாக உட்கார்ந்திருக்கும். பிறகு விசிறி பெரிதான எஞ்சின்கள் வந்தபோது இறக்கைக்கும் தரைக்கும் நடுவே இடம் போதவில்லை. அதனால் 737-க்கென்றே விட்டம் குறைத்துச் செய்தார்கள். ஏ320 பறந்தது 1987-இல். அது உயரமாக நிற்கும்படி பிறந்தது, பெரிய விசிறி தாங்கும். பெயர் மட்டும்தான் இரண்டுக்கும் பொது. தாங்கும் அமைப்பு, மேலுறை எல்லாம் வேறு. ஏ340-300-இல் இருக்கும் 5சி-யும் இதே சிஎஃப்எம்56 பெயர்தான், அதன் விசிறி 72.3 அங்குலம். அதுவும் இவற்றோடு சேராது.

737 இரண்டையும் மூன்று மாதம் வைத்திருந்து திருப்பினேன். எஞ்சின் வரிக்கு 6,15,000, விமான வகை வரிக்கு 5,40,000, அபராதம் 15,00,000. மொத்தம் 26,55,000. இந்தப் பதிவில் பெரிய தொகை இதுதான்.

அதன்பின் எந்த விமானத்தைப் பார்த்தாலும் எஞ்சின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் நாலு அழுத்தல், எங்கள் இணைய வேகத்துக்கு ஒரு நிமிடம். சந்தையில் ஒரே சமயத்தில் நாற்பது விமானம் நிற்கும். அந்தச் சமயத்தில்தான் விமானத்தின் பெயரிலேயே எஞ்சின் எழுதியிருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தேன். எனக்கு இந்த மாதத்தில் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷம் அது.

ஏ320-232, ஏ320-214 என்று மூன்று இலக்கம் வருகிறதே, அதில் நடு இலக்கம் எஞ்சின் செய்தவர் யார் என்பது. 0 என்றால் ஜிஇ. 1 சிஎஃப்எம். 2 பிராட் அண்ட் விட்னி. 3 ஐஏஇ. 4 ரோல்ஸ் ராய்ஸ். ஏ330-ஐ எடுத்துக்கொண்டால் 203 ஜிஇ, 223 பிராட், 243 ரோல்ஸ் ராய்ஸ். புதிய எஞ்சினோடு வந்த நியோ வரிசையில் எண்கள் வேறு. ஏ320-251என் என்றால் சிஎஃப்எம்மின் லீப், 271என் என்றால் பிராட்டின் பிடபிள்யூ1100ஜி. என் முதல் இரண்டு விமானமும் 232, பின்னால் வந்த மூன்றும் 214. எழுத்து முதல் நாளிலிருந்தே என் கண் முன்னால் இருந்திருக்கிறது. ஒரு அட்டையில் இந்த எண்களை எழுதி லேப்டாப் ஓரத்தில் ஒட்டிவிட்டேன்.

போயிங்குக்கு இந்த அட்டை செல்லாது. பழைய போயிங்குகளில் கடைசி இரண்டு இலக்கம் முதலில் வாங்கிய நிறுவனத்தின் குறி. 747-437 என்றால் 37 ஏர் இந்தியா. 747-436 என்றால் 36 பிரிட்டிஷ் ஏர்வேஸ். அடுத்தடுத்த எண்ணாக இருந்தும் முன்னதில் பிராட் எஞ்சின், பின்னதில் ரோல்ஸ் ராய்ஸ். போயிங் எடுக்கிறவர்கள் எஞ்சின் பக்கத்தைத் திறந்துதான் ஆகவேண்டும்.

அட்டை ஒட்டிய தைரியத்தில் மூன்றாவது தவறு. 1,70,000-க்கு ஒரு ஏ320 வந்தது. கொஞ்சம் பழையது, 211 என்று இருந்தது. நடு இலக்கம் 1, சிஎஃப்எம்தான், நம்முடையதோடு சேரும் என்று எடுத்தேன். கணக்கில் மறுபடியும் எஞ்சின் வகை 2. இந்த முறை பதினைந்து மணி நேரத்திலேயே கவனித்துவிட்டேன். 211-இல் இருப்பது 5ஏ. 214-இல் 5பி. சாக்பீஸ் வட்டம் இங்கே உதவவே இல்லை, இரண்டுக்கும் விசிறி ஒரே 68.3 அங்குலம். வேறுபாடு உள்ளே. விசிறிக்குப் பின்னால் காற்றை முதலில் அழுத்தும் பகுதியில் 5ஏ-க்கு மூன்று அடுக்கு, 5பி-க்கு நாலு. 5ஏ1 25,000 பவுண்டு உந்துவிசை தரும், 5பி4 27,000. வி2500-லும் இதே கதை உண்டு. 231 என்றால் ஏ1, 232 என்றால் ஏ5. ஒரு மாத வரி 2,05,000, அபராதம் 5,10,000, ஆக 7,15,000 இதில் போனது.

ஆகவே கடைசி இலக்கத்தையும் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல், அது விமானத்துக்கு விமானம் மாறும். ஏ319-இல் 111, 112, 115 மூன்றும் 5பி. நடுவில் இருக்கும் 113, 114 இரண்டும் 5ஏ. இதற்கு ஒரே விதி என்று எதுவும் இல்லை. அட்டையின் பின்பக்கம் எனக்குத் தேவையானவற்றை மட்டும் எழுதிவைத்தேன்.

எஞ்சின் பெயரிலேயே வலுவைச் சொல்லும் வழக்கமும் உண்டு. வி2527 என்றால் ஏறக்குறைய 27 ஆயிரம் பவுண்டு, வி2533 என்றால் 33 ஆயிரம் வகுப்பு. 7பி26, லீப்-1ஏ26 இரண்டிலும் 26 அதேதான். 5பி4 என்பதில் 4 அப்படியல்ல. 5பி4 27,000, 5பி5 22,000, 5பி6 23,500. எண் ஏறினால் வலு ஏறும் என்று நினைத்துவிடக் கூடாது.

இந்த 5பி குடும்பத்தைப் பற்றித் தெரிந்ததும்தான் வழி திறந்தது. ஏ319, ஏ320, ஏ321 மூன்றுக்கும் இயந்திரம் அடிப்படையில் ஒன்றே. எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினியில் செருகும் ஒரு சிறு பிளக்தான் இது எத்தனை பவுண்டு எஞ்சின் என்று அதற்குச் சொல்கிறது. ஏ321-க்குப் போகவேண்டியதை வலுவைக் குறைத்து ஏ319-இல் மாட்டலாம். அப்படியானால் சின்ன விமானம், நடுத்தரம், பெரியது மூன்றும் வைத்துக்கொண்டு ஒரே ஸ்பேரில் ஓட்டலாம். இந்தியன் ஏர்லைன்ஸ் 43 ஏர்பஸ் வாங்கியபோது செய்ததும் இதைத்தான் என்று பிறகு பார்த்தேன். ஏ319-112, ஏ320-214, ஏ321-211, மூன்றிலும் 5பி. முன்பு அவர்கள் வைத்திருந்த ஏ320-கள் 231. நான் முப்பது நாள் தடவி வந்த இடம் ஏற்கெனவே ஒருவர் நின்ற இடம் என்று தெரிந்தபோது தெம்பாக இருந்தது.

அதே அமைப்பைப் போட்டேன். சென்னைக்கு ஏ319. மும்பைக்கும் டெல்லிக்கும் ஏ320. ஷார்ஜா 2,750 கிலோமீட்டர், சிங்கப்பூர் 3,160. அவற்றுக்கு ஏ321. கையில் பணம் குறைவாக இருந்ததால் நாலு மாதத்துக்கு ஒரு விமானம் என்று மெதுவாகத்தான் சேர்த்தேன். இடையில் மலிவாக 232-கள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றையும் தொடவில்லை.

லே நகரம்தான் ஒரு நேரம் குழப்பியது. டெல்லி–லே தடத்தில் டிக்கெட் விலை நன்றாக இருந்தது. ஏ319-111 ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம் என்று திட்டப் பக்கத்தில் வைத்தால், மதிய நேரத்துக்கு 74 பேருக்கு மேல் ஏற்றக் கூடாது என்று காட்டியது. மலைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்தில் நன்றாக இழுத்த வண்டி ஊட்டி 2,240 மீட்டரில் மூச்சு வாங்கும். காற்று மெலிந்தால் எஞ்சினுக்கு வலு குறையும், வெயில் ஏறினால் இன்னும் குறையும். லே விமான நிலையம் 3,256 மீட்டர். நிஜத்தில் அங்கே பெரும்பாலும் காலையிலேயே விமானங்கள் போய்வருவதற்கும் இது ஒரு காரணம். 22,000 பவுண்டு 5பி5-க்குப் பதிலாக 27,000 பவுண்டு 5பி7 மாட்டிய ஏ319-115 ஒன்றைத் தேடினேன். பதினொரு மாதம் காத்திருந்து கிடைத்தது. காலை நேரத்தில் 110 பேர் ஏறுகிறார்கள். வாடகை மற்ற ஏ319-ஐவிட 18,000 அதிகம், ஆனாலும் குடும்பம் அதே 5பி, எஞ்சின் வரி ஏறவில்லை.

சேலத்துக்கு ஏடிஆர் 72 என்ற சின்ன புரொபெல்லர் விமானம் போட ஆசை இருந்தது. அதில் தேர்வு என்ற தொல்லையே கிடையாது, பிராட்டின் பிடபிள்யூ100 குடும்பம் ஒன்றுதான். ஆனாலும் அது புது வகை, புது ஸ்பேர். ஒரு விமானத்துக்காக அந்த வரியைத் தாங்க முடியாது என்று விட்டுவிட்டேன். எங்கள் மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு, ஊட்டிக்கு டீசல் எஞ்சின். ஒரு சின்னத் தடத்துக்கு இரண்டு வகை எஞ்சின், இரண்டு வகைப் பக்குவம். கல்லாறு முதல் குன்னூர் வரை பல் சக்கரம் வைத்து ஏறவேண்டிய ஏற்றம் இருப்பதால் அங்கே அது நியாயம். சேலம் என்னிடம் அப்படி எதையும் கேட்கவில்லை.

இப்போது நிலவரம் இது. ஏ319-112 இரண்டு, ஏ319-115 ஒன்று, ஏ320-214 ஐந்து, ஏ321-211 இரண்டு. எஞ்சின் வரி 2,05,000-ஐப் பத்தால் வகுத்தால் விமானத்துக்கு 20,500. ஐந்து விமானம், இரண்டு வகை என்று இருந்த காலத்தில் விமானத்துக்கு 82,000 கொடுத்துக்கொண்டிருந்தேன். பதினோராவது விமானம் எடுத்தால் இரண்டாவது ஸ்பேர் கட்டாயம், 65,000 ஏறும். எனவே எடுத்தால் மூன்று நாலாகச் சேர்த்து எடுப்பது, இல்லையென்றால் பத்தோடு நிற்பது.

வி2500 மோசம் என்று சொல்ல வரவில்லை. என் கணக்கில் டெல்லித் தடத்தில் அது 214-ஐவிட ஒன்றரை சதவீதம் குறைவாகவே எரிபொருள் குடித்தது. நீண்ட தடம் மட்டும் ஓட்டுகிறவர் அதையே மொத்தமாக எடுத்தாலும் சரிதான். நான் 5பி-க்குப் போனதற்குக் காரணம், அந்தச் சமயத்தில் சந்தையில் 214-கள் நிறைய நின்றன, அவ்வளவுதான். முதல் விமானத்தை எடுக்கும் முன்பே, அதே எஞ்சினோடு இன்னும் ஒன்பது விமானம் கிடைக்குமா என்று சந்தையை எண்ணிப் பார்த்திருந்தால் அபராதங்கள் எதுவும் வந்திருக்காது. அடுத்த ஆட்டத்தில் முதல் வேலை அந்த எண்ணிக்கை. விமானத்தின் முழு எண், எஞ்சினின் முழுப் பெயர், ஸ்பேர் வாடகை, திருப்பும் அபராதம் என்று நாலு கட்டம் போட்ட பக்கத்தை நிரப்பாமல் எதையும் எடுக்கப்போவதில்லை. மூன்று மாத அபராதத்துக்குப் பதிலாக வாடகை கொஞ்சம் கூட இருந்தாலும் குறுகிய ஒப்பந்தத்தில் எடுத்து, ஒரு மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு நீட்டிப்பேன்.

அடுத்தது நியோ. விளையாட்டில் அது 2016-இல் வரும், இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. 251என்-னும் 271என்-னும் என் 5பி-யோடு சேராது, எதை எடுத்தாலும் புது வரி 2,05,000. என் ஏ320 ஒன்று மாதம் சுமார் 750 டன் எரிபொருள் குடிக்கிறது. டன் 600 டாலர் என்று வைத்தால் 4,50,000. நியோ 15 சதவீதம் மிச்சம் பிடித்தால் 67,500. வாடகை 40,000 அதிகம் இருக்கும் என்று கணக்கில் வைத்துக் கழித்தால் விமானத்துக்கு 27,500 நிற்கிறது. ஏழு விமானம் எடுத்தால் 1,92,500, புது வரிக்குப் போதாது. எட்டு எடுத்தால் 2,20,000, தாண்டிவிடும். ஒன்றிரண்டாக எடுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கி எட்டுக்கான பணத்தைச் சேர்க்கிறேன்.

லீப்பா, பிராட்டா என்பதில் நிஜத்தைப் பார்த்தே முடிவு செய்தேன். பிராட் எஞ்சினோடு தொடங்கிய இண்டிகோ 2019-இல் 280 விமானங்களுக்கு லீப்-1ஏ ஆர்டர் கொடுத்தது. 2023-இல் பிராட் எஞ்சின்களின் உலோகத் தூள் குறை வெளிவந்து உலகமெங்கும் விமானங்கள் சோதனைக்காகத் தரையில் நின்றன. இந்த விளையாட்டிலும் அப்படிப்பட்ட நிறுத்தங்கள் வருகின்றன என்று மருமகன் சொல்கிறான். ஒரே வகை எஞ்சின் வைத்திருப்பதில் உள்ள பயமும் அதுதான், நின்றால் எல்லாம் நிற்கும். இதை அவனிடம் கேட்டேன்.

“அதுக்குத்தாங்க மாமா, புதுசு வந்தாலும் 5பி-ல நாலஞ்சை உடனே கொடுத்துடாதீங்க. ஒரு வருசம் சேர்த்தே ஓட்டுங்க. அந்த வரி வீண் இல்லைங்க.”

அது சரியாகப் பட்டது. ஏ319-115-உம் இரண்டு ஏ321-உம் கடைசியில்தான் போகும் என்று நோட்டில் குறித்திருக்கிறேன். இந்த ஞாயிறு அவன் மலைக்கு வருகிறான். லீப்-1ஏ விசிறி 78 அங்குலம். ஆறரை அடி. சிமென்ட் தரையின் அகலம் ஆறடி இரண்டு அங்குலம்தான், வட்டம் வாய்க்காலுக்குள் போய்விடும். தொழிற்சாலை முன்முற்றத்தில் போட்டுக்கொள்ள மேனேஜரிடம் கேட்டிருக்கிறேன்.